வினையூக்கி மாற்றி: கழற்றுவதா, புதிதாகப் பொருத்துவதா?

பத்து ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் கார் வைத்திருப்போர் பலர் என்றேனும் ஒருநாள் சந்திக்கும் கேள்வி இது. முகப்பில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிகிறது. மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்க மறுக்கிறது. பணிமனையில் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்துவிட்டு, ‘கேட்டலிடிக் கன்வர்ட்டர் போய்விட்டது’ என்கிறார்கள். தொடர்ந்து இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, பல பத்தாயிரம் ரூபாய் கொடுத்துப் புதியதைப் பொருத்துவது. மற்றொன்று, சில நூறு ரூபாய் கூலியில், சில இடங்களில் கூலியே இல்லாமல், பழையதைக் கழற்றிவிட்டு வெறுங்குழாயை இணைப்பது. ‘இது இல்லாமலும் வண்டி நன்றாகவே ஓடும் சார், மைலேஜும் கூடும்’ என்ற உறுதிமொழி இரண்டாவது வழியோடு இலவசமாகக் கிடைக்கும்.

மாதச் சம்பளக்காரரும் வாடகைக் கார் ஓட்டுநரும் இரண்டாவது வழியை நாடுவதில் வியப்பில்லை. வண்டியின் மறுவிற்பனை விலை ஒன்றரை லட்சமாக இருக்கும்போது, அதில் மூன்றில் ஒரு பங்கை கண்ணுக்குத் தெரியாத ஒரு பாகத்துக்குச் செலவிட யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால், அந்தப் பாகம் என்ன செய்கிறது, ஏன் கெடுகிறது, உண்மையில் கெட்டுத்தான் போயிற்றா என்பவற்றை அறிந்துகொள்ளாமல் எடுக்கப்படும் முடிவு பணத்தையும் மிச்சப்படுத்துவதில்லை என்பதே என் கருத்து.

வினையூக்கி மாற்றி என்பது எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையே புகைக்குழாயில் அமைந்த உலோகப் பெட்டி. சைலன்சர் ஓசையை அடக்குவது. இது நஞ்சை அடக்குவது. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் இன்றும் உண்டு. பெட்டிக்குள் பெரும்பாலும் பீங்கானால் ஆன தேன்கூடு போன்ற கட்டி இருக்கும். அதன் நுண்ணறைகளின் சுவர்களில் அலுமினிய ஆக்சைடு பூசப்பட்டு, அதன்மீது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் தூவப்பட்டிருக்கும். மூன்றும் சேர்ந்தே சில கிராம்கள்தாம். எஞ்சினில் எரிந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு இங்கே கார்பன் டை ஆக்சைடாகிறது. முழுமையாக எரியாத பெட்ரோலின் ஹைட்ரோ கார்பன்கள் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் வெறும் நைட்ரஜனாகப் பிரிகின்றன. மூன்று வேலைகளையும் ஒருசேரச் செய்வதால் இதற்கு மும்முனை வினையூக்கி என்றும் பெயர். நன்கு சூடேறிய, பழுதற்ற நிலையில் இம்மூன்று நச்சுகளிலும் 90 விழுக்காட்டுக்கு மேல் நீங்கிவிடுகிறது. இதைக் கழற்றினால் நச்சு ‘சற்றுக் கூடும்’ என்பதன்று. ஒரு கார் பத்து கார்களின் நச்சை உமிழத் தொடங்கும் என்பதே பொருள்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் 14.7 பங்கு காற்று என்ற விகிதம் ஏறத்தாழ மாறாதிருந்தால்தான் மூன்று வினைகளும் ஒருசேர நிகழும். அதைக் காப்பதற்காகவே மாற்றிக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் உணரியும், மாற்றி ஒழுங்காக இயங்குகிறதா என்று கண்காணிக்கப் பின்னால் மற்றோர் உணரியும் வைக்கப்பட்டுள்ளன. மஞ்சள் விளக்கை எரியவைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது உணரியின் சாட்சியம்தான்.

இதன் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பொறியாளர் யூஜின் ஹூட்ரி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சூழ்ந்த நச்சுப் புகைமூட்டம் பேசுபொருளான 1950-களில் கார்களுக்கான வினையூக்கி மாற்றியை உருவாக்கிக் காப்புரிமையும் பெற்றார். ஆனால், அன்றைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வினையூக்கியின் மேற்பரப்பில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்தது. ஈயம் நீங்கிய பெட்ரோல் வரும்வரை அக்கண்டுபிடிப்பு காத்திருக்க நேர்ந்தது. அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பின்னரே, 1975-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் அது பரவலாக இடம்பெற்றது. இந்தியாவில் 1995 ஏப்ரல் 1 முதல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கப்பட்ட புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஈயமில்லாப் பெட்ரோலும் அதனுடனேயே வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. நம் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் குறைவதற்கு, ஒரு வகையில், காரின் அடியில் தொங்கிய இந்தப் பெட்டியும் காரணம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

‘அம்பாசிடர் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இல்லைதான். அன்று ஒரு தெருவுக்கு ஒரு கார் இருந்தது.

இனி, கழற்றினால் வண்டிக்கு வேகம் கூடும் என்ற நம்பிக்கைக்கு வருவோம். இது முழுப் பொய்யன்று. அதனால்தான் அழியாமல் இருக்கிறது. தேன்கூட்டின் அறைகள் உருகியோ கரி படிந்தோ அடைத்துக்கொண்டால் புகை வெளியேற வழியின்றி எஞ்சின் மூச்சுத் திணறும். அந்நிலையில் அதைக் கழற்றி வெறுங்குழாயைப் பொருத்தினால், வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பும். உரிமையாளர் அந்த வேறுபாட்டை நேரில் உணர்கிறார், நண்பர்களுக்கும் சொல்கிறார். ஆனால், அவர் ஒப்பிடுவது அடைபட்ட மாற்றியை வெறுங்குழாயோடு. ஒப்பிட வேண்டியதோ, நல்ல மாற்றியை வெறுங்குழாயோடு. இன்றைய மாற்றிகள் புகையின் ஓட்டத்துக்குத் தரும் தடை மிகக் குறைவு. அன்றாடம் அலுவலகத்துக்குச் சென்று வரும் காரில் அந்த வேறுபாட்டை ஓட்டுநரால் உணர முடியாது. மைலேஜும் அவ்வாறே. பின்னுணரியின் அளவுகள் தாறுமாறானதும் சில வண்டிகளின் கட்டுப்பாட்டுக் கணினி எரிபொருளைக் கூட்டிவிடுவதால், மைலேஜ் குறைந்த வண்டிகளும் உண்டு.

மஞ்சள் விளக்கை அணைக்கவும் குறுக்குவழி இருக்கிறது. பின்னுணரியைப் புகையின் ஓட்டத்திலிருந்து சற்று விலக்கிவைக்கும் ஒரு துண்டுக் குழாயைச் செருகிவிடுகிறார்கள். அல்லது கணினியின் மென்பொருளையே மாற்றி எழுதுகிறார்கள். விளக்கு அணைந்துவிடும், அதோடு, பின்னாளில் எழும் உண்மையான கோளாறுகளைக் காட்டிக்கொடுக்கும் கண்ணும் மூடிவிடும். போதாததற்கு, வெறுங்குழாயின் இணைப்பில் கசிவு ஏற்பட்டால் சுத்திகரிக்கப்படாத கார்பன் மோனாக்சைடு இருக்கைப் பகுதிக்குள் நுழையக்கூடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வண்டியை நிறுத்தி, குளிர்சாதனத்தை ஓடவிட்டு உள்ளே உறங்கும் பழக்கமுள்ள ஓட்டுநர்கள் இதைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும்.

என் பதினொரு ஆண்டுப் பழைய பெட்ரோல் காரில் இதே விளக்கு எரிந்தபோது, முதலில் பார்த்த பணிமனையில் ஐந்து நிமிடங்களில் தீர்ப்பு வழங்கப்பட்டது: பி0420 என்ற குறியீடு வந்திருக்கிறது, கன்வர்ட்டர் போய்விட்டது, கழற்றிவிடலாம். நான் வண்டியை வேறோர் அனுபவமிக்க மெக்கானிக்கிடம் கொண்டுசென்றேன். அவர் முதலில் மாற்றியைப் பார்க்கவே இல்லை. ‘அது தானாகச் சாகாது சார், யாராவது கொன்றிருப்பார்கள், அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்’ என்றார். மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயில் அவ்வப்போது பொறி தராமல் ஏய்ப்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

அவர் சொன்னதற்குள் இந்த விஷயத்தின் சாரம் இருக்கிறது. மாற்றி தேய்ந்து போகும் பாகமன்று. வண்டியின் ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டும் என்ற நோக்கிலேயே வடிவமைக்கப்பட்டது. அது இடையில் கெட்டால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. ஒரு சிலிண்டரில் பொறி பிடிக்காவிட்டால் எரியாத பெட்ரோல் அப்படியே வெளியேறி, மாற்றிக்குள் சென்று எரிகிறது. அந்த வெப்பத்தில் தேன்கூடே உருகிவிடும். எஞ்சின் ஆயிலைக் குடிக்கும் வண்டியில், ஆயிலிலுள்ள பாஸ்பரஸ் வினையூக்கியின்மீது படிந்து மூடுகிறது. ஹெட் கேஸ்கெட் கசிந்தால் கூலண்ட் உள்ளே வந்து அதே கேட்டை விளைவிக்கிறது. கலப்பட எரிபொருள் இன்னொரு எதிரி. உயரமான வேகத்தடையில் அடிபட்டால் பீங்கான் நொறுங்கும். பெட்டியைத் தட்டினால் உள்ளே கலகலக்கும். சென்னைவாசிகளுக்கு மற்றொரு காரணமும் அறிமுகம்: பல நூறு டிகிரி வெப்பத்தில் இருக்கும் மாற்றியை வெள்ளத்தில் இறக்கினால், திடீர்க் குளிர்ச்சியில் அது விரிசல் விடக்கூடும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் முழங்கால் நீரில் வண்டி ஓட்டியவர்கள் பிரேக்கையும் எஞ்சினையும் பார்த்தார்கள். இதைப் பார்த்தவர்கள் குறைவு.

ஆகவே, காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய மாற்றியைப் பொருத்துவதும் வீண்செலவே. பழைய காயிலோடு புதிய மாற்றியை ஓட்டினால் அதுவும் விரைவில் உருகும்.

இன்னொன்று. பி0420 என்ற குறியீடு ‘மாற்றியின் திறன் எல்லைக்குக் கீழே இருப்பதாகத் தெரிகிறது’ என்று மட்டுமே சொல்கிறது. பின்னுணரி பழுதானாலும், புகைக்குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று நுழைந்தாலும் இதே குறியீடு வரக்கூடும். உணரியின் விலை மாற்றியின் விலையில் சிறு பகுதிதான். எனவே, பெரிய செலவுக்கு ஒப்புக்கொள்ளும் முன் சில சோதனைகளைக் கேட்டுப் பெறுவது உரிமையாளரின் உரிமை. ஸ்கேனரில் நேரலை அளவுகளைப் பார்த்தால், வழக்கமான உணரிகள் உள்ள வண்டியில் முன்னுணரியின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஊசலாட, பின்னுணரி ஏறத்தாழ அசையாமல் நிற்க வேண்டும். பின்னுணரியும் முன்னுணரியைப் போலவே ஊசலாடினால் மாற்றி வேலை செய்யவில்லை என்று கொள்ளலாம். அடைப்பு இருக்கிறதா என்பதை முன்னுணரியைக் கழற்றிய துளையில் அழுத்தமானியைப் பொருத்தி அறியலாம். அழுகிய முட்டை நாற்றம், வேகம் பிடிக்காமை, உள்ளே கலகலப்பு ஆகியவை துணைச் சான்றுகள்.

பெட்ரோலில் ஊற்றினால் மாற்றி சுத்தமாகிவிடும் என்று விற்கப்படும் திரவங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். மேலாகப் படிந்த கரியை அவை ஓரளவு குறைக்கலாம். உருகிய பீங்கானையோ நச்சேறிய உலோகத்தையோ எந்தத் திரவமும் மீட்காது.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியில் மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவின் கண்டிப்பை வலியுறுத்தியது. காற்று மாசுக் கட்டுப்பாட்டு விதிகளை மீறி வண்டி ஓட்டுபவருக்கு 190-ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வழியுண்டு. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதங்களுக்கு நிறுத்திவைக்கப்படலாம். பாரத் நிலை-4 பெட்ரோல் கார் ஒன்று புகைச் சோதனையில் தேற, எஞ்சின் நிதானமாக ஓடும் நிலையில் கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காட்டுக்குள்ளும் ஹைட்ரோ கார்பன் பத்து லட்சத்தில் 200 பங்குக்குள்ளும் இருக்க வேண்டும். மாற்றி இல்லாத வண்டி இந்த வரம்புக்குள் நிற்பது கடினம்.

‘ஆனாலும் சான்றிதழ் கிடைத்துவிடுகிறதே’ என்பீர்கள். வண்டியைக் காட்டாமலே சான்றிதழ் பெற்றவர்களை நானும் அறிவேன். அதைவிட அடிப்படையான ஓட்டை ஒன்று இந்தச் சோதனையிலேயே இருக்கிறது. பெட்ரோல் கார்களில் நைட்ரஜன் ஆக்சைடுகள் அளக்கப்படுவதே இல்லை. மூன்று நச்சுகளில் அவற்றை நீக்குவதுதான் ரோடியத்தின் தனிவேலை. வெயில் மிகுந்த நம் ஊர்களில் ஹைட்ரோ கார்பன்களோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குபவையும் அவையே. ஆஸ்துமா நோயாளிகளை அந்த ஓசோன் எப்படி வாட்டும் என்பதை நுரையீரல் மருத்துவர்கள் சொல்வார்கள். அளக்கப்படாத ஒன்றை யாரும் அஞ்சுவதில்லை. 2023 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்குச் சாலையில் ஓடும்போதே உமிழ்வை அளக்கும் முறை வந்துவிட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கோ நாம் இன்னும் பழைய சோதனையையே வைத்திருக்கிறோம்.

இரு சக்கர வண்டிகளையும் இங்கே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். புதிய பைக்குகள் பலவற்றில் வினையூக்கி சைலன்சர் தொகுதிக்குள்ளேயே இருக்கிறது. அதிரும் ஓசைக்காக அதை மாற்றும் இளைஞர், ஓசையோடு நச்சையும் தெருவில் அவிழ்த்துவிடுகிறார். அவருக்கு அது தெரியாது.

இவ்வளவும் சொன்ன பிறகும், எல்லாரும் எல்லா நிலையிலும் புதியதை வாங்கியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது, உடலெங்கும் துரு, பதினைந்தாண்டுப் பதிவு முடிய ஓராண்டே இருக்கிறது என்ற நிலையில் கேள்வி மாற்றியைப் பற்றியதன்று. அந்த வண்டியை இன்னும் வைத்திருக்கலாமா என்பதைப் பற்றியது. அத்தகைய வண்டிக்குப் புதிய மாற்றி வாங்குவது நீரில் கரைத்த பெருங்காயம். அதை முறையான வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைப்பதே மேல். எஞ்சின் நல்ல நிலையில் இருந்து, இன்னும் நான்கைந்து ஆண்டுகள் ஓட்டும் எண்ணம் இருந்தால் புதியதைப் பொருத்துவதே சரி. செலவை அந்த ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தால், அது ஆண்டுக் காப்பீட்டுத் தொகையின் அருகில் வந்து நிற்கும்.

வாங்குவதென்றால் எதை? தயாரிப்பாளரின் அசல் பாகம் விலை அதிகம்; ஆனால், அந்த வண்டியின் உமிழ்வு வரம்புக்கு ஏற்றது என்ற உறுதி உண்டு. வெளிச்சந்தையில் கிடைக்கும் மலிவானவற்றில் விலையுயர்ந்த உலோகத்தின் அளவு மிகக் குறைவாக இருக்கக்கூடும். வெளித்தோற்றத்தை வைத்து அதைக் கண்டறிய வழியே இல்லை. சில மாதங்களில் அதே விளக்கு மீண்டும் எரியும். எந்த உமிழ்வு நிலைக்கு உரியது, எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுத்தில் தராத பொருளை வாங்காதிருப்பது நல்லது. காயலான் கடைப் பழைய மாற்றியை வாங்குவது, அடுத்தவர் கழற்றிப்போட்ட மூக்குக் கண்ணாடியை அணிவது போன்றது. பொருந்தினால் அதிர்ஷ்டம். அமெரிக்காவில் புதிய காரின் மாற்றிக்கு எட்டு ஆண்டுகள் அல்லது 80,000 மைல் வரை தயாரிப்பாளரே பொறுப்பு என்று மத்திய விதி இருக்கிறது. நம் நாட்டிலும் நுகர்வோர் அமைப்புகள் கோர வேண்டிய உரிமை அது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு இந்தப் பாகத்தின்மீது வரிச் சலுகையோ தவணை வசதியோ தருவதை அரசும் எண்ணிப் பார்க்கலாம். அபராதத்தை மட்டும் காட்டி ஏழை ஓட்டுநரை இணங்கவைக்க முடியாது.

என் வண்டிக்கு, காயிலை மாற்றிச் சில வாரங்கள் ஓட்டிப் பார்த்த பின்னும் விளக்கு எரிந்தது. திறந்து பார்த்ததில் தேன்கூட்டின் ஒரு பகுதி மெழுகுபோல் உருகிக் கிடந்தது. அசல் பாகத்தையே பொருத்தினேன். கூலியோடு நாற்பதாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. விலை கேட்டு வீட்டில் எழுந்த விவாதத்தை இங்கே எழுதப்போவதில்லை.

கழற்றப்பட்ட பழைய பாகம் குப்பையன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதிலுள்ள ரோடியத்தின் விலை 2021-இல் உலகச் சந்தையில் ஓர் அவுன்சு 29,000 டாலரை நெருங்கியது. பின்னர் பெரிதும் சரிந்தாலும் அது இன்றும் விலைமதிப்புள்ள உலோகமே. பல நாடுகளில் நிறுத்திவைத்த கார்களுக்கு அடியில் புகுந்து மாற்றிகளை அறுத்துச் செல்லும் திருட்டு பெருகியதற்கு இதுவே காரணம். கூலி வாங்காமல் கழற்றித் தர முன்வரும் தாராளத்துக்கும் பல இடங்களில் இதுவே காரணம். எனவே, பாகத்தை மாற்றும்போது பழையதை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். மறுசுழற்சிக்கு வாங்குவோர் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். எடைக்குப் போடும் இரும்பின் விலைக்கு விற்றுவிடாதீர்கள். அசல் பாகமாக இருந்தால் பெட்டியின்மீது பொறிக்கப்பட்ட எண்ணைப் படமெடுத்து அனுப்பினாலே விலை சொல்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பீங்கான் உடைந்திருந்தால் அந்தத் தூளையும் பையில் கட்டி வைத்திருங்கள். உலோகம் அதில்தான் இருக்கிறது.